மிச்சம் பிடித்த நாற்பது அடி

ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலை செய்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பாறையை இடித்துத் துளைக்கும் ஹேமரைத் துளைக்குள் விட்டுவிட்டு வந்த கதை ஒன்றாவது எல்லோரிடமும் இருக்கும். பெரும்பாலும் அது "திடீரென்று மாட்டிக்கொண்டது" என்றுதான் தொடங்கும். நான் பார்த்தவரையில் இந்தத் தொழிலில் எதுவும் திடீரென்று மாட்டியதில்லை. 480 அடியில் சிக்கிய ஹேமருக்கான காரணம், வண்டிக்கு ஜாக்கி போடுவதற்கு முன்பே, நிழலில் நாற்காலி போட்டுப் பேரம் பேசிய இடத்தில் கிடக்கும். செட்டிநாட்டில் நடந்த ஒரு வேலையை வைத்து அதை விளக்கப் பார்க்கிறேன். வண்டியில் ஏறப்போகும் இளைஞர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் போர் போட நினைப்பவர்களுக்கும் இதில் செய்தி இருக்கிறது.

முதலில் மண். செட்டிநாடு என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். தரைக்குக் கீழே அது இரண்டு நாடு. காரைக்குடியைத் தாண்டிக் கிழக்கே போகப் போக மணற்கல்லும் களியுமான படிவு மண். காரைக்குடிக்காரர்கள் பெருமையோடு சொல்லும் சம்பை ஊற்றுத் தண்ணீரும் படிவு மண் தந்ததுதான். அங்கே களிக்குழம்பை உள்ளே விட்டுச் சுற்றித் துளைக்கும் ரோட்டரி வண்டிதான் பொருந்தும். மேற்கே குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர்ப் பக்கம் வந்தால் பாறை வெளியிலேயே தலைகாட்டுகிறது. பிள்ளையார்பட்டியில் கோயிலே குன்றைக் குடைந்ததுதான். அந்தப் பக்கம் காற்றடித்து இடிக்கும் ஹேமர் வண்டி. இரண்டுக்கும் இடைப்பட்ட ஊர்களில்தான் தொல்லை. மேலே செம்புராங்கல், அதன் கீழ் மஞ்சள் களி, பிறகு விரலால் நசுக்கினால் உதிரும் சிதைந்த பாறை, அதற்கும் கீழேதான் நல்ல கருங்கல். ஒரு தெருவில் 50 அடியில் கிடைக்கும் பாறை அடுத்த தெருவில் 90 அடிவரை வராது. பக்கத்து வீட்டுக் கணக்கை நம்பி அங்கே குழாய் வாங்கக் கூடாது.

நாங்கள் போன வீடு அப்படிப்பட்ட ஊரில் இருந்தது. அந்த ஊர்களின் வழக்கப்படி ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீண்டு கிடக்கும் வீடு. பங்காளிகள் பதினொரு புள்ளி, அதாவது பதினொரு குடும்பம். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலுமாக எல்லோரும் வெளியே. வீட்டில் இருந்தது ஓர் ஆச்சியும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு குடும்பமும்தான். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லாப் புள்ளிகளும் வந்து கூடப்போகிறார்கள், கிணறு வற்றிக் கிடக்கிறது, ஆகவே போர் என்று முடிவாகியிருந்தது. ஆச்சிக்கு மட்டும் இதில் சம்மதமில்லை. முற்றத்தில் விழுகிற மழையெல்லாம் முன்பு குழாய் வழியாகக் கிணற்றுக்குப் போனது, அந்தக் குழாயை அடைத்து வைத்துவிட்டு இப்போது பூமியைக் குத்த வந்திருக்கிறீர்கள் என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் போர் வண்டிக்காரன் அதை உரக்கச் சொன்னால் அன்றைய சோறு போய்விடும்.

நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு கொல்லையில் நடந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்துக்கு நேர் மேலே மின்கம்பி போனது. ராடுகளைத் தாங்கும் உயரமான மாஸ்டைத் தூக்கினால் கம்பியில் படும் என்றோம். மறுபடி நடந்தார், சற்றுத் தள்ளி, கம்பிக்கு விலகி, தேங்காய் மறுபடி எழுந்து நின்றது. மின்வாரியத்துக்குக் கட்டுப்பட்ட தேங்காய். வண்டியைக் கொல்லைத் தெரு வழியாகப் பின்னால் எடுத்து நிறுத்தினோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தூள் படியாமலிருக்க வீட்டுக்குள் போகும் கதவுகளுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டியாயிற்று.

இனிப் பேரத்துக்கு வருகிறேன். துளையின் மேல் பகுதியில் மண்ணும் களியும் சரிந்து உள்ளே விழாமல் தாங்குவதற்கு இறக்கும் குழாய்தான் கேசிங். 6.5 அங்குலத் துளைக்கு வழக்கமாக 7 அங்குல பி.வி.சி. குழாய், அதற்காக மேல் பகுதியை மட்டும் அகலமாகத் துளைப்போம். குழாயின் அடி நல்ல பாறைக்குள் சில அடியாவது இறங்கி உட்கார்ந்திருக்க வேண்டும். துளைக்கும் கூலி அடிக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. 300 அடிக்கு மேல் ஒவ்வொரு நூறு அடிக்கும் அது கூடிக்கொண்டே போகும். கேசிங் குழாய்க்கு அடிக்கு இவ்வளவு என்பது தனிக் கணக்கு, அது துளைக்கும் கூலியைவிடப் பல மடங்கு. ஆகவே செலவைக் குறைக்க நினைக்கும் எவரும் முதலில் கை வைப்பது கேசிங்கில்தான். பூமிக்குள் போய் மறைந்துவிடும் பொருள். கண்ணுக்குத் தெரியாததற்குக் காசு கொடுக்க யாருக்கு மனம் வரும்?

60 அடியை ஒட்டித் தூளில் கறுப்புச் சில்லு வந்தது. பாறை வந்துவிட்டது என்று வீட்டுப் பக்கத்தில் ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். எங்கள் மூத்த டிரில்லர் அண்ணன் தூளைக் கையில் அள்ளி நசுக்கினார். சில்லு இருந்தது, கூடவே விரலில் ஒட்டும் மஞ்சள் பசையும் இருந்தது. "இது களிக்கு நடுவில் கிடக்கும் தனிக் கல். கீழே இன்னும் களி இருக்கிறது. நூறு அடிக் கேசிங் கேளுங்கள்" என்றார். கேட்டோம். வீட்டுக்காரர் சார்பில் நின்ற தம்பி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்த வட்டாரத்தில் 60 அடிதான் வழக்கம் என்று ஒரு பங்காளி எழுதினார். வண்டிக்காரர்கள் எல்லோருமே கேசிங்கில்தான் லாபம் பார்க்கிறார்கள் என்று இன்னொருவர் எழுதினார். அப்படிச் செய்பவர்களும் உண்டு, ஆகவே அவரையும் குறை சொல்ல முடியாது. கடைசியில் 60 என்று முடிவாயிற்று. நாற்பது அடி மிச்சம். அதைப் பதினொரு பங்காகப் பிரித்தால் தலைக்கு என்ன வரும் என்று அங்கேயே மனக்கணக்குப் போட்டேன்: காரைக்குடியில் குடும்பத்தோடு ஒரு வேளை நல்ல சாப்பாடு.

பாறையை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்பவர்களுக்கு: நல்ல பாறையில் தூள் காய்ந்து சாம்பல் நிறத்தில் பறக்கும், விரலில் ஒட்டாது. ஹேமரின் சத்தம் ஒரே சீராக, கூர்மையாகக் கேட்கும். களிக்குள் போனால் மந்தமாகிவிடும். ஒரு ராடு இறங்க எடுக்கும் நேரம் கூடும், கூடிய பிறகு அப்படியே நிற்கும். இந்த மூன்றும் சேர்ந்து குறைந்தது பத்து அடிக்குத் தொடர்ந்தால் பாறை என்று நம்பலாம். இரண்டு அடிக்குச் சில்லு வந்து மறுபடி மஞ்சள் வந்தால் அது தனிக் கல்தான், எத்தனை பேர் குழுவில் கட்டைவிரல் தூக்கினாலும்.

துளை இறங்கியது. ஹேமரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ராடு என்பது 20 அடி நீளமுள்ள இரும்புக் குழாய். ஒன்றோடொன்று மரையால் பூட்டிக்கொண்டே போவோம். கடைசி ராடின் முனையில் ஹேமர், ஹேமரின் முனையில் பாறையை உடைக்கும் பிட்டு. கம்ப்ரசரின் காற்று ராடுகளுக்குள் இறங்கி, ஹேமருக்குள் இருக்கும் பிஸ்டனை அடித்து, அது பிட்டை இடிக்கிறது. அதே காற்றுதான் உடைந்த தூளையும் ராடுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. பிட்டின் முகம் ஹேமரின் உடம்பைவிட அகலம். இது முக்கியம், மேலேயிருந்து கல் விழுந்தால் பிட்டின் தோள் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஹேமரை அடியிலிருந்து சற்றுத் தூக்கினால் இடி நின்று காற்று மட்டும் பாயும். துளையைக் கழுவும் வழி அதுதான். ஒவ்வொரு ராடு முடியும்போதும், புது ராடு மாட்டக் காற்றை நிறுத்துவதற்கு முன், தூக்கி வைத்துக் கழுவ வேண்டும். அவசரக்காரர்கள் விட்டுவிடும் வேலை இது.

440 அடியில் கேப், அதாவது பாறை இடுக்கு, தட்டியது. தண்ணீர் பீய்ச்சியது; தண்ணீரின் அளவு இரண்டு இஞ்சு தேறும் என்றார் அண்ணன். தேங்காய்க்காரருக்கு ஒரே சந்தோஷம், ஆச்சியும் வந்து எட்டிப் பார்த்தார். முதலில் வந்த தண்ணீர் சாம்பல் கலங்கல். அது சிறிது நேரத்தில் தெளிய வேண்டும். தெளியவில்லை, மஞ்சளாகிக்கொண்டே போனது. 440 அடி ஆழத்தில் மஞ்சள் மண்ணுக்கு என்ன வேலை? அது மேலேயிருந்து, கேசிங்குக்குக் கீழே மூடாமல் விட்ட களிச் சுவரிலிருந்து கரைந்து வருகிறது. தண்ணீர் வராதவரை அந்தச் சுவர் எப்படியோ நின்றிருந்தது; இப்போது காற்றும் தண்ணீரும் சேர்ந்து அதை அரிக்கத் தொடங்கிவிட்டன. தண்ணீர் கிடைத்த மகிழ்ச்சியில் எல்லோரும் அளவைப் பார்ப்பார்கள். டிரில்லர் பார்க்க வேண்டியது நிறத்தை. அண்ணன் பார்த்தார், இதோடு ராடைத் தூக்கிவிடலாம் என்றும் சொன்னார். ஆனால் வீட்டுப் பக்கத்தில் 500 என்ற எண்ணின் மேல் ஓர் ஆசை. "நாற்பது, ஐம்பது அடிக்காக ஏன் குறைவாக நிறுத்த வேண்டும்?" என்று தொலைபேசிக் குரல் ஒன்று கேட்டது. கூலி கொடுப்பவர்கள் கேட்கிறார்கள், ராடு இறங்கியது.

480-இல் அடுத்த ராடு மாட்டக் காற்றை நிறுத்தினோம். அந்த இடைவெளியில் மேலே தொங்கிக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது. மறுபடி காற்றுக் கொடுத்தால் அழுத்தமானியின் முள் மட்டும் ஏறியது, துளை வாயில் மூச்சே இல்லை. சுற்றக் கொடுத்தால் மோட்டார் முனகியது.

இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹேமர் பிழைப்பதும் போவதும் அடுத்த அரை மணியில்தான். கை தானாக இழுக்கும் லீவருக்குத்தான் போகும். இழுக்கக் கூடாது. பிட்டின் தோள் மேல் உட்கார்ந்திருக்கும் கல், இழுக்க இழுக்க ஆப்பாக இறுகும். கீழே போக இடமிருந்தால் கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டும். மெதுவாக, வலப்பக்கமாகவே சுற்ற வேண்டும். எங்கள் ராடுகளின் மரை அந்தப் பக்கம் சுற்றினால் இறுகும். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஏதோ ஒரு பூட்டுக் கழலும், எது கழலும் என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. காற்றை விட்டு விட்டுக் கொடுத்து, மேலேயிருந்து தண்ணீரும் நுரை மருந்தும் ஊற்றிக் களியை ஊறவிட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். களி கரைய நேரம் கேட்கும். நின்றுகொண்டே டீசல் எரிக்கும் வண்டிக்கு அந்த நேரம் கொடுக்க மனம் வராது. அதுதான் நடந்தது. ஊறவிட்டுக்கொண்டிருந்தோம், மறுநாள் இன்னொரு ஊரில் வேலை ஒப்புக்கொண்டிருந்த வண்டி முதலாளி போனில் "இழுத்துப் பாருங்கள்" என்றார். மாஸ்ட் நடுங்கியது, ஜாக்கிகள் செம்மண்ணில் புதைந்தன. பிறகு வெட்டினாற்போல் ஒரு சத்தம். பாரம் முழுவதும் இறங்கி, எல்லாம் லேசாகிவிட்டது.

எட்டு ராடுகள் மேலே வந்தன. பதினாறு ராடுகளும் ஹேமரும் உள்ளே. எட்டாவது ராடின் அடியில் ஆண்மரை இல்லை, முறிந்து அடுத்த ராடின் வாய்க்குள் தங்கிவிட்டிருந்தது. முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தோம்: ஒரு பாதி பளிச்சென்று புதியது, மறுபாதி பழுப்பேறியது. அதாவது விரிசல் முன்பே இருந்திருக்கிறது. அரிமானத்தைப் பற்றி ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் காரைக்குடியில் இயங்குகிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் எங்கள் வண்டி அந்த ஊருக்குப் போனது. ராடு மரையை டீசலில் கழுவித் துணியால் துடைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்க விஞ்ஞானி தேவையில்லை. மரையின் அடியில் முடி அளவு கோடு தெரிந்தால் அந்த ராடை ஒதுக்கிவிட வேண்டும். ஒரே ராடு எப்போதும் மேலேயே இருக்காமல் வரிசையை மாற்றிக்கொண்டே வருவதும் நல்லது, மேல் ராடுகளுக்குத்தான் பாரம் அதிகம்.

தேடி எடுக்கும் வேலையில் முதல் தேவை கருவி இல்லை, கணக்கு. என்ன உள்ளே இருக்கிறது, எத்தனை அடியில் அதன் தலை, தலையின் வெளிவிட்டம் என்ன, உள்விட்டம் என்ன. மாஸ்ட் காலில் சுண்ணக்கட்டியால் ராடு எண்ணிக்கை எழுதும் வழக்கம் எங்கள் வண்டியில் இருந்தது, அதனால் தலை 160 அடியை ஒட்டி இருக்கும் என்று தெரிந்தது. சத்தீஸ்கர்ப் பையன் ஒருவன் எழுதும் கோடுகள் அவை. தமிழ் எண் தெரியாவிட்டாலும் ஒரு கோடு தப்பியதில்லை. பல வண்டிகளில் இந்த இடத்திலேயே சண்டை தொடங்கும், இருபத்துமூன்றா இருபத்துநான்கா என்று.

அடுத்தது, தலை எப்படி நிற்கிறது என்பது. இப்போது போர்வெல் கேமரா கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். தெளிந்த தண்ணீரில் அது அருமையானது; மஞ்சள் கலங்கலில் அதற்கும் கண் தெரியாது. பழைய முறை சோப்பு. ஒரு மரக்கட்டையின் அடியில் ஆணி அடித்து, அதன் மேல் துணி சோப்பை இளக்கிக் கெட்டியாக அப்பி, ராடில் கட்டி மெதுவாக இறக்கித் தலை மேல் ஒரு முறை அழுத்தி எடுப்பது. சுற்றக் கூடாது, இரண்டாம் முறை அழுத்தவும் கூடாது. ஒரே ஒரு பதிவுதான் படிக்க முடியும். எங்களுக்கு வந்தது விளிம்போரமாக ஒரு பிறை. அதாவது ராடு நடுவில் நிற்கவில்லை, சுவரில் சாய்ந்திருக்கிறது. 6.5 அங்குலத் துளையில் 3.5 அங்குல ராடுக்குச் சாய்ந்துகொள்ளத் தாராளமாக இடம் உண்டு.

முறிந்த ராடைப் பிடிக்க டேப் என்று ஒன்று இருக்கிறது. முனை குறுகி மேலே அகலும் கெட்டிப்படுத்திய எஃகு, உடம்பெல்லாம் மரை. முறிந்த ராடின் வாய்க்குள் போய், மெதுவாகச் சுற்றச் சுற்றத் தானே மரை வெட்டிக்கொண்டு கவ்வும். திருச்செங்கோட்டிலிருந்து இரவு பஸ்ஸில் அது வந்து சேர்ந்தது. ஆனால் சாய்ந்த தலைக்கு வெறும் டேப் பயன்படாது, பக்கவாட்டில் நழுவிப் போய்விடும். காரைக்குடியில் ஒரு லேத் பட்டறையில் 5 அங்குல இரும்புக் குழாயை வெட்டி, வாயை ஒரு பக்கம் சாய்வாகச் சீவி, டேப்பைச் சுற்றிப் பாவாடையாகப் பற்றவைத்துத் தந்தார்கள். அந்தப் பாவாடை சாய்ந்த ராடை ஓரத்திலிருந்து நெட்டி நடுவுக்குக் கொண்டுவரும். பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி துளையின் விட்டம், இரண்டாவது ராடின் விட்டம். கேட்காமல் வெட்டத் தொடங்கும் பட்டறையாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். துளைக்குள் போடும் ஒவ்வொன்றும் அங்கேயே சிக்கிக்கொள்ளத் தகுதியுள்ள பொருள்தான்.

டேப் உடனே பிடித்துவிடவில்லை. பிடித்தது என்று தெரிவது ஒரு சின்ன வித்தியாசத்தில்தான்: சுற்றும் மோட்டாரின் சத்தம் கனக்கும், பாரமானியின் முள் இலேசாக எழும். பிடித்த பிறகும் யாரும் கைதட்டவில்லை. டேப்பின் நடுத்துளை வழியாகக் காற்று இறங்கியது. முழுவதும் அடைபடவில்லை என்பதற்கு அதுவே நல்ல அடையாளம். நுரை கொடுத்து, ஊறவிட்டு, ஒரு சாண் ஏற்றி ஒரு சாண் இறக்கி, மறுபடி ஊறவிட்டு என்று பொறுமையாகப் போனது. இப்படி எடுக்கும் நேரத்தில்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள் என்பதையும் எழுதி வைக்கிறேன். இழுப்பில் இருக்கும் ராடு விடுபட்டால் ரெஞ்ச் பறக்கும், கம்பி வடம் அறுந்தால் சாட்டையாக அடிக்கும். லீவரில் நிற்பவரைத் தவிர மற்றவர்கள் மாஸ்டின் உயரத்துக்குத் தள்ளி நிற்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த அந்தத் தெரு முழுவதையும் ஆச்சிதான் அதட்டி விரட்டினார். எங்கள் பேச்சுக்கு நகராத கூட்டம்.

பதினாறு ராடுகளும் வந்தன. கடைசி ராடின் முனை வெறுமையாக இருந்தது. ஹேமரின் தலைப் பூட்டு விட்டுக்கொடுத்துவிட்டது. பிட்டோடு சேர்த்து அது கீழேயே நின்றுவிட்டது. விலை லட்சத்தைத் தாண்டும், ராடுகளின் மொத்த விலையோடு பார்த்தால் சிறியது.

இன்னும் முயல்வதா விடுவதா? இந்தக் கேள்விக்குத் துளைக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்லக் கூடாது. அங்கே நின்றால் எல்லோருக்கும் சூதாடியின் மனம் வந்துவிடும்: இன்னும் ஒரே ஒரு தடவை. தேடத் தொடங்கும் முன்பே வரம்பு வைத்துவிட வேண்டும். உள்ளே இருப்பதன் இன்றைய மதிப்பு என்ன? புதிதாக வாங்கிய விலையைக் கணக்கில் எடுக்கக் கூடாது, தேய்ந்த ஹேமருக்குத் தேய்ந்த விலைதான். டீசல், ஆள் கூலி, வேறு வேலைக்குப் போகாமல் வண்டி நிற்கும் நட்டம் எல்லாம் சேர்ந்து அந்த மதிப்பில் பாதியைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும் என்பது அண்ணனின் கணக்கு. பாதி ஏன் என்றால், மீதிப் பாதி, எடுக்கும்போது இன்னொரு கருவி உள்ளே போய்விடும் ஆபத்துக்கு வேண்டியது. முதலாளி முணுமுணுத்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். ஹேமரைத் தேடப் போய் டேப்பையும் ராடையும் சேர்த்து விட்டுவிட்டு வந்த வண்டிகளை அவரும் பார்த்திருக்கிறார்.

பக்கத்தில் புதிதாக ஒரு துளை போட்டுவிடலாம் என்று குழுவில் ஒருவர் எழுதினார். அப்படிச் செய்தால் பழைய துளையை அடியிலிருந்து தரைமட்டம்வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2010-இல் அப்படித்தான் உத்தரவிட்டிருக்கிறது. வாயில் ஒரு பலகைக் கல்லை வைத்து மூடிவிட்டுப் போவது நிரப்புவது ஆகாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை விழுந்த துளையும் கைவிடப்பட்டதுதான். குழந்தையை மீட்கப் பக்கத்தில் குழி தோண்டிய பெரிய இயந்திரங்களையே அங்கிருந்த பாறை திணறடித்ததைத் தமிழ்நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த நாட்களில் எங்கள் வண்டியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

புதுத் துளை தேவைப்படவில்லை. தண்ணீர் 440-இல் வருகிறது, ஹேமர் அதற்குக் கீழே கிடக்கிறது. இரும்புத் துண்டு அடியில் கிடப்பதால் ஊற்று நின்றுவிடாது. ஹேமர் இல்லாமல் வெறும் ராடையே இறக்கிக் காற்றும் நுரையும் கொடுத்துக் கழுவி, 5 அங்குல உள் கேசிங்கை மேலிருந்து ஊற்றுக்குக் கீழேவரை இறக்கினோம். ஊற்றுக்கு நேரே வரும் பகுதியில் மட்டும் ஓட்டை போட்ட குழாய். நாற்பது அடியை மிச்சம் பிடித்த வீடு இப்போது 460 அடிக்குக் குழாய் வாங்கியது.

பணத் தகராறு இல்லாமல் முடியவில்லை. ஹேமர் உங்கள் பொருள், போனது உங்கள் பாடு என்றார்கள் அவர்கள். கேசிங் கேட்டோம், மறுத்தீர்கள் என்றார் முதலாளி. கேட்டதற்கும் மறுத்ததற்கும் சாட்சி யாரோ ஒருவருடைய தொலைபேசியில் இருந்த குழுப் பேச்சு. கடைசியில் உள் கேசிங்கும் துளைத்த முழு அடிக்குக் கூலியும் அவர்கள் தரப்பு, ஹேமர் எங்கள் தரப்பு என்று ஆச்சி தீர்த்து வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் வண்டியில் ஒரு வழக்கம் வந்தது. கேசிங் இறக்கும் முன், டிரில்லர் கேட்டது எத்தனை அடி, வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டது எத்தனை அடி என்று பில் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பேனாவைக் கொடுத்தால், பெரும்பாலானவர்கள் பெரிய எண்ணுக்கே வந்துவிடுகிறார்கள். பங்காளி வீடுகளுக்கு இன்னொன்றும் சொல்வேன்: பணம் பதினொரு பேர் போடுங்கள், ஆனால் துளைக்குப் பக்கத்தில் நின்று சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் அதிகாரத்தை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். தூளை நசுக்கிப் பார்க்க அவருக்கு மட்டும்தான் விரல் இருக்கிறது.

வீட்டுக்காரர்கள் தங்கள் பங்குக்கு இழப்பது மோட்டாரை. குழாய்ப் பூட்டுத் துருப்பிடித்து விட்டுப்போகும், அல்லது கயிறு இற்றுப்போகும். மின்கேபிளைப் பிடித்து இழுப்பார்கள், அதுவும் அறுந்து எல்லாம் உள்ளே போகும். மோட்டாரின் பாரத்தைத் தாங்கக் கேபிளை ஒருநாளும் நம்பக் கூடாது. அதற்கென்று தனிக் கயிறு வேண்டும், ஒவ்வொரு முறை மோட்டாரை வெளியே எடுக்கும்போதும் கயிற்றை முழு நீளத்துக்கும் தடவிப் பார்க்க வேண்டும். ஸ்பேனர் போன்றவை விழுவதைத் தடுக்க, வேலை நடக்கும்போது துளை வாயில் ஒரு சாக்கை அடைத்து வைத்தால் போதும். இவ்வளவு சுலபமானதை யாரும் செய்வதில்லை.

அந்த வீட்டில் புறப்படும் முன் மோட்டார் அறைச் சுவரில் பெயிண்டால் எழுதிவிட்டு வந்தோம்: துளை 480 அடி, 5 அங்குல உள் கேசிங் 460 அடிவரை, ஊற்று 440-இல், அடியில் ஹேமர் கிடக்கிறது, மோட்டாரை 300 அடிக்குக் கீழே இறக்க வேண்டாம். பின்னாளில் மோட்டார் மாற்ற வந்த மெக்கானிக் அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்து, உள் கேசிங் அளவு உண்மைதானா என்று கேட்டார். அவர் கொண்டுவந்திருந்தது 6 அங்குல மோட்டார். திருப்பி அனுப்பிவிட்டு 4 அங்குலம் வரவழைத்தார்.